மஞ்சள் கோடு முறிந்த நட்டு

வாதி ஒருவர், பிரதிவாதிகள் நான்கு பேர். நான்காவது பிரதிவாதி என் கட்சிக்காரர். பிராதில் அவர் பெயருக்கு முன்னால் ‘விமான உற்பத்தியாளர்’ என்று போட்டிருந்தது. ஏதோ கம்பெனி முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தொழிற்சாலை, இரண்டு கார் நிற்கும் கராஜ். அவர் உற்பத்தி செய்த விமானங்கள் மொத்தம் ஒன்று.

அமெரிக்காவில் வீட்டில் விமானம் கட்டுவது சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. 1953-இல் பால் போபெரெஸ்னி என்பவர் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். இன்றைக்கு ஒவ்வொரு கோடையிலும் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் என்ற ஊரில் அந்தச் சங்கம் நடத்தும் திருவிழாவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. கேட்பது இவ்வளவுதான்: கட்டும் வேலையில் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், தன் கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ செய்கிற ஆள் செய்திருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். மீதியை கிட் கம்பெனியிடம் வாங்கலாம். என் கட்சிக்காரர் ஆரிகனில் உள்ள வேன்ஸ் கம்பெனியின் ஆர்.வி.-6 கிட்டை வாங்கினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். பத்தாயிரத்துக்கு மேல் ரிவெட். ஒவ்வொன்றையும் இவர் வெளிப்பக்கத்திலிருந்து துப்பாக்கியால் அடிக்க, மனைவி உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியால் தாங்கியிருக்கிறார். அந்த அம்மாவையும் சாட்சியாகக் கூப்பிடலாமா என்று ஒரு கட்டத்தில் யோசித்தேன். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் சென்னையில் சில வருடம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஓடியாடிவிட்டு, கலிபோர்னியா பார் பரீட்சை எழுதி இங்கே தொழிலுக்கு வந்தவன். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எனக்கு மனப்பாடம். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியில் எதையும் மாற்றக் கூடாது என்கிற பிரிவு அது. அந்தப் பழக்கத்தோடு இந்தக் கட்டைப் பிரித்தவனுக்கு முதல் அதிர்ச்சி சட்டப் புத்தகத்திலேயே காத்திருந்தது. விமானப் பராமரிப்பு விதிகள் அடங்கிய 43-ஆம் பகுதி, இந்த ரகத்து விமானத்துக்குப் பொருந்தாது. அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஸ்பேனரை எடுத்து எதை வேண்டுமானாலும் கழற்றலாம், மாற்றலாம். லைசென்ஸ் வேண்டியதில்லை. பெரிய மாற்றமாக இருந்தால் எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவித்து, குறைந்தது 5 மணி நேரம் மறுபடி சோதனைப் பறப்பு செய்ய வேண்டும். 12 மாதத்துக்கு ஒரு தடவை முழுச் சோதனை செய்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் தகுதி உண்டு. கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கென்று ‘ரிப்பேர்மேன்’ சான்றிதழ் தருகிறார்கள், அவர் போடலாம். இல்லாவிட்டால், இந்த வழக்கு நடந்தபோது இருந்த விதிப்படி, லைசென்ஸ் பெற்ற மெக்கானிக் போட வேண்டும். விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் வாங்கியவர் கைக்குப் போகாது. கட்டியவரிடமே தங்கிவிடும்.

இந்தச் சுதந்திரம் தவறென்று சொல்லும் கட்சி நான் இல்லை. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் தன் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதைக் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பதிவு எண் கிடைக்க 2017 ஆயிற்று. அந்த அலைச்சலைப் படித்தவர்களுக்கு இங்கே உள்ள முறையின் அருமை தெரியும். ஆனால் சுதந்திரம் இருக்கிற இடத்தில் வழக்கு வேறு மாதிரி நடக்கும். ‘எந்த விதியை மீறினாய்?’ என்று கேட்கவே முடியாது. மீற விதியே இல்லை. ‘அந்த இடத்தில் அக்கறையுள்ள ஓர் ஆள் என்ன செய்திருப்பான்?’ என்று பன்னிரண்டு ஜூரர்களிடம் கேட்க வேண்டியதுதான்.

சம்பவம் இதுதான். என் கட்சிக்காரர் சில வருடம் பறந்துவிட்டு, கண் பார்வை மங்கியதால் விமானத்தை ஒருவருக்கு விற்றார். வாங்கியவரை இரண்டாம் சொந்தக்காரர் என்றே சொல்கிறேன். அவர் சில வருடம் வைத்திருந்து மூன்றாம் ஆளுக்கு விற்றார். மூன்றாமவர் விவசாயக் கருவி வியாபாரி. பைலட் லைசென்ஸ் உள்ளவர். ஒரு சனிக்கிழமை தன் மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். ஓடுபாதையை விட்டு எழும்பி சில நூறு அடி ஏறியதும் இன்ஜின் விக்கியது, பிறகு அடங்கியது. திரும்பி ஓடுபாதைக்கே வரப் பார்த்தார். முடியாது என்று பாதித் திருப்பத்தில் தெரிந்ததும் எதிரே இருந்த பாதாம் தோப்பில் இறக்கினார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். மைத்துனருக்கு முதுகெலும்பில் முறிவு. அவர்தான் வாதி. விமானத்தை ஓட்டிய அக்காள் புருஷன், இரண்டாம் சொந்தக்காரர், வருடாந்தரச் சோதனையில் கையெழுத்துப் போட்ட மெக்கானிக், கட்டியவர் என்று நாலு பேர் மேலும் வழக்கு.

என் கட்சிக்காரர் முதல் சந்திப்பில் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். விற்கும்போது எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம்: இந்த விமானம் அமெச்சூர் கட்டியது, எது நடந்தாலும் விற்றவர் பொறுப்பில்லை, ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். நல்ல பத்திரம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டவரைத்தான் அது கட்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மைத்துனர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. என் கட்சிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “அப்படியென்றால் இந்தக் காகிதத்தால் பிரயோசனமே இல்லையா?” என்றார். இந்த வழக்கில் இல்லை என்றேன்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. விற்ற அன்றே அவருடைய விமான இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. வழக்குச் செலவு, தீர்ப்புத் தொகை எல்லாம் சொந்தக் காசு. கலிபோர்னியாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வலி, வேதனை போன்ற கணக்கிட முடியாத நஷ்டத்துக்கு அவரவர் சதவீதப்படிதான் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு, சம்பள இழப்பு போன்ற பணக் கணக்குள்ள நஷ்டத்துக்கு மட்டும் பிரதிவாதிகள் கூட்டாகப் பொறுப்பு. மற்றவர்களிடம் பணம் இல்லையென்றால், ஐந்து சதவீதப் பழி விழுந்தவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். அவருக்கென்று மிஞ்சியிருந்தது பென்ஷனும் வீடும்தான்.

பிராதில் இரண்டு வாதங்கள் அவர் மேல் இருந்தன. ஒன்று, குறையுள்ள பொருளை உற்பத்தி செய்தவருக்கான கண்டிப்பான பொறுப்பு. அதில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை; பொருளில் குறை இருந்தால் போதும். விமானத்தில் தீயில் உருகாத உலோகத் தகடு ஒன்று கட்டாயம் அடிக்க வேண்டும். அதில் கட்டியவர் பெயர்தான் இருக்கும். அந்தத் தகட்டின் படத்தைப் பெரிதாக்கி எதிர்த்தரப்பு வக்கீல் மனுவோடு இணைத்திருந்தார். அந்த வாதத்தை விசாரணைக்கு முன்பே முறித்துவிட்டோம். கண்டிப்பான பொறுப்பு, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத்தான். ஆயுளில் ஒரு விமானம் கட்டி ஒரு விமானம் விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார். மிஞ்சியது இரண்டாவது வாதம்: சாதாரணக் கவனக்குறைவு.

எந்தக் கவனக்குறைவு? இன்ஜின் ஏன் நின்றது? விபத்தை விசாரிக்கும் அரசு அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் ஆள் கார்புரேட்டரைத் திறந்து பார்த்து எழுதி வைத்திருந்தார்: பெட்ரோல் உள்ளே நுழையும் வாயில் உள்ள சல்லடையில் சிவப்பு நிற ரப்பர் போன்ற பொருள். இங்கே ஒரு சட்டச் சங்கதி சொல்ல வேண்டும். அந்த அமைப்பு ‘விபத்துக்கு உத்தேசக் காரணம் இன்னது’ என்று கடைசியில் ஒரு முடிவு எழுதும். பத்திரிகைகள் அதைத்தான் போடும். நஷ்டஈட்டு வழக்கில் அந்த முடிவை நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என்று காங்கிரஸ் சட்டமே போட்டிருக்கிறது. விசாரணை அதிகாரி கண்ணால் கண்டு எழுதிய உண்மை விவரங்களை மட்டும் காட்டலாம். சல்லடையில் சிவப்பு ரப்பர் இருந்தது என்று ஜூரி கேட்கலாம். அது யார் தப்பு என்று அரசு சொன்னது என்பதைக் கேட்கக் கூடாது. நல்ல விதி. யாரோ ஒருவர் எழுதிய ஒரு வரியை வைத்து வழக்கை முடிக்க விடாது.

அந்தச் சிவப்புப் பொருள், கடையில் டியூபில் விற்கும் சிலிகோன் பசை. கார் இன்ஜின் மூடிக்கு ஒட்டுவது. பெட்ரோல் பட்டால் ஊறி, உப்பி, உதிரும். அதை எரிபொருள் குழாயில் போடவே கூடாது என்று விமானக் கொட்டகைகளில் சின்னப் பையன்களுக்குக்கூடச் சொல்லித் தருவார்கள். பிறகு எப்படிப் போனது? பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு சென்சார் பொருத்தியிருந்தது. மணிக்கு எத்தனை கேலன் போகிறது என்று டேஷ்போர்டில் காட்டுகிற சென்சார். அதன் இரண்டு பக்கத்து மரையிலும் கசிவு வராமல் இருக்க யாரோ இந்தப் பசையைப் பூசியிருந்தார்கள். உள்ளே பிதுங்கிய பசை நாளடைவில் ஊறி, நூலாகப் பிரிந்து, சல்லடையில் போய்ச் சுற்றிக்கொண்டது. நிதானமான வேகத்தில் போகும்போது வருகிற பெட்ரோல் போதும். முழு த்ராட்டிலில் ஏறும்போது போதாது.

யார் அந்த ‘யாரோ’ என்பதுதான் வழக்கு.

மணிக்கு எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மீட்டர் வைப்பது பாதுகாப்புக்காகத்தான். இந்த ரக மாற்றங்கள் எல்லாமே நல்ல நோக்கத்தில்தான் தொடங்குகின்றன. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தது இப்படி ஒரு வீட்டில் கட்டிய விமானத்தில்தான். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸீ. ரூட்டனின் வரைபடத்தில் எரிபொருள் டாங்கை மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர் பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாமே என்று அந்த வால்வைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். தீ பயத்தால் செய்த மாற்றம். டென்வர் அதை வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கைப்பிடி எட்டவில்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிகள் முதுகுக்குப் பின்னால். அன்று கிளம்பும்போது அதையெல்லாம் விமான நிலையத்துத் தொழில்நுட்ப ஆளோடு பேசியிருக்கிறார். பின்னால் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியும் கிடைத்தது. பெட்ரோல் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒரு டாங்கு தீர்ந்ததும் வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கியபோது கால் அறியாமல் வலது ரட்டரை அழுத்தியிருக்கிறது என்பது என்.டி.எஸ்.பி.யின் முடிவு. இரண்டாயிரத்து எழுநூறு மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் அவருக்கு. கட்டியவர் வால்வை வைத்த இடத்தையும், பழகாத விமானத்துக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் காரணங்களில் சேர்த்தார்கள். கலிபோர்னியா ஜூரர்களில் கொஞ்சம் வயதானவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ‘கட்டியவன் தன் இஷ்டத்துக்கு மாற்றினான், வாங்கியவன் செத்தான்’ என்று ஒரு சித்திரம் அவர்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும். எனக்கு அதுதான் கவலை.

டெபாசிஷனில், அதாவது விசாரணைக்கு முன்பே வக்கீல் அலுவலகத்தில் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலத்தில், இரண்டாம் சொந்தக்காரர் சொன்னது இது: நான் வாங்கும்போதே அந்த இடத்தில் ஒரு சென்சார் இருந்தது; பழுதாகிவிட்டது; அதைக் கழற்றிப் புதியது போட்டேன்; பசை முதலிலேயே இருந்தது, நான் தொடவில்லை. பாகங்கள் விற்கும் கடையிலிருந்து வந்த ரசீது புதிய சென்சார் ஒன்று வாங்கியதைத்தான் காட்டியது. ஆக, ரசீதும் அவர் கதைக்கு ஒத்துப்போனது. லாக் புத்தகத்தைப் புரட்டினால் அவர் வைத்திருந்த காலத்தில் ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது, வருடச் சோதனை இவைதான். சென்சார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, “எழுத வேண்டும் என்று விதி இல்லையே” என்றார். இல்லைதான்.

என் கட்சிக்காரர் அதற்கு நேர் எதிர். ஒன்பது ஸ்பைரல் நோட்டு. ஆல்பம் ஆல்பமாகப் போட்டோ. முதலில் சலிப்பாக இருந்தது. பத்து பக்கம் படித்ததும் விட மனமில்லை. எந்த நட்டை என்ன இறுக்கத்தில் முறுக்கினார், அன்றைக்கு வெயில் எவ்வளவு, எந்த ரிவெட் கோணலாகப் போய்த் துளைத்து எடுத்தார், எல்லாம் இருக்கும். முதல் பறப்புக்கு முன் எரிபொருள் ஓட்டத்தைச் சோதித்த பக்கத்தை எதிர்த்தரப்பு நிபுணர்கூட வாயாரப் பாராட்டினார். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, பம்ப்பைப் போட்டுக் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறார். எஃப்.ஏ.ஏ.வின் சோதனைக் கையேட்டில், பம்ப் உள்ள விமானத்துக்கு முழு சக்தியில் இன்ஜின் குடிப்பதைப் போல 125 சதவீதம் வர வேண்டும் என்று இருக்கிறது. மணிக்கு 13, 14 கேலன் குடிக்கிற இன்ஜினுக்கு 17 கேலனுக்கு மேல் வர வேண்டும். வந்திருக்கிறது. பிறகு ஆள் ஏற்றாமல் 40 மணி நேரச் சோதனைப் பறப்பு.

அந்தப் போட்டோக்களில் ஒன்று திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு சின்ன மஞ்சள் கோடு. கேட்டேன். நெயில் பாலிஷ் மாதிரி ஒரு லாக்கராம். டார்க் சீல் என்பார்கள். நட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கியதும், நட்டிலிருந்து அது அமர்ந்திருக்கும் உலோகம் வரை குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவது. காய்ந்தால் கண்ணாடி போல் மொடமொடக்கும். நட்டு தானாகத் தளர்ந்தாலும், யாராவது திருகினாலும் கோடு முறிந்து இரண்டு பாதியும் விலகி நிற்கும். பறப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவர் மஞ்சளை மட்டுமே வாங்கியிருக்கிறார். கடை ரசீதையும் நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்.

உடைந்த விமானம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கொட்டகையில் கிடந்தது. எல்லாத் தரப்பு வக்கீல்களும் நிபுணர்களும் ஒன்றாக இருக்கும்போதுதான் தொடலாம் என்று எழுதி உடன்பட்டிருந்தோம். எங்கள் நிபுணர் பெண்மணி ஒருவர். பெரிய ஏர்லைன் ஒன்றில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தவர். தரையில் மண்டியிட்டு, லென்ஸ் வைத்து, எரிபொருள் குழாயை டாங்கிலிருந்து இன்ஜின் வரை நட்டு நட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். எல்லாம் ஒரே கோடாக. தடுப்புச் சுவரைத் தாண்டி இன்ஜின் பக்கம் வந்தும் கோடு அப்படியே. பம்ப்பின் வெளிவாயில் நின்றார். அந்த நட்டில் மஞ்சள் இருந்தது. அது அமர்ந்த இடத்திலும் மஞ்சள் இருந்தது. ஆனால் இரண்டும் கால் சுற்று விலகி நின்றன. அதற்கப்பால் சென்சார் வரையும், சென்சாரிலிருந்து கார்புரேட்டர் வரையும் ஒரு நட்டிலும் மஞ்சள் இல்லை. வேறு நிறமும் இல்லை.

எதிர்த்தரப்பு இதற்கும் பதில் வைத்திருந்தது. பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதைப் போட்டேன் என்று அவரே சொல்கிறாரே, கழற்றினால் கோடு முறியத்தானே செய்யும்? என் கட்சிக்காரர் எடுத்த படத்தில் அந்த இடத்தில் சென்சார் இல்லாமல் நேர்க் குழாயாக இருந்தது. அது கட்டும்போது எடுத்த படம், விற்பதற்கு முன் சென்சார் போட்டிருக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான்.

விடை நோட்டில் இருந்தது. விமானத்தைப் பார்க்க வந்தவர்கள் யார் யார் என்றும் அவர் எழுதி வைத்திருந்தார். வாங்குவதற்கு முந்தின வாரம் இரண்டாம் சொந்தக்காரர் ஒரு நண்பரை அழைத்துவந்து இன்ஜின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார். அந்த நண்பர் இன்னொரு ஆர்.வி. கட்டிக்கொண்டிருந்தவர். ஊர் மாறிவிட்டார். தேடிப் பிடித்து சம்மன் அனுப்பினேன். வந்தவர் யார் பக்கமும் இல்லை. தன் விமானத்துக்கு முன்மாதிரியாக வைத்துக்கொள்ள இன்ஜின் அறையை மூலை மூலையாகப் படம் எடுத்திருந்தார். இன்னமும் அவர் கம்ப்யூட்டரில் இருந்தன. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரே குழாய். இரண்டு முனையிலும் மஞ்சள் கோடு, முழுசாக. யாரிடமாவது இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். “யாரும் கேட்கவில்லையே” என்றார்.

விசாரணையில் மெக்கானிக்கின் நிலைமைதான் பரிதாபம். வருடச் சோதனைக்கு அவர் எழுதிய வாசகம் சட்டம் கேட்கும் வாசகம்: பாதுகாப்பாக இயங்கும் நிலையில் இருப்பதாகக் கண்டேன். சல்லடையைக் கழற்றிப் பார்த்ததாகச் சோதனைத் தாளில் டிக் இருந்தது. ஆனால் அவர் வாங்கிய கூலி மூன்று மணி நேரத்துக்கு. இந்த மாதிரி விமானத்தை மூடியெல்லாம் கழற்றி ஒழுங்காகச் சோதிக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று அவர் தரப்பு நிபுணரே குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாதியின் வக்கீல் கேட்டார், நிறையக் கேட்டார்.

என் கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றியதும் இரண்டாம் சொந்தக்காரரின் வக்கீல் ஒரு நல்ல கேள்வியை வைத்திருந்தார். “விற்ற அடுத்த வருடம் சோதனைக் கையெழுத்துப் போட உங்களைக் கேட்டார். உங்களிடம் ரிப்பேர்மேன் சான்றிதழ் இருந்தது. மறுத்துவிட்டீர்கள். உங்கள் விமானத்தைப் பற்றி உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” ஜூரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“என்னிடம் இருந்தவரை அதில் என் கை மட்டும்தான் பட்டது. எதற்கும் கையெழுத்துப் போடுவேன். விற்ற பிறகு யார் கை பட்டதென்று எனக்கு எப்படித் தெரியும்?”

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். போயிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அங்கேயே நின்று, ‘அப்படியானால் வாங்கியவரிடம் அதைச் சொல்லி எச்சரித்தீர்களா?’ என்று கேட்டிருந்தால் எங்களுக்குச் சங்கடம். எச்சரித்திருக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வாதி மேலும் ஒரு பழியைப் போட்டுப் பார்த்தார்கள். ஏறும் இடத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்து இருக்க வேண்டும், இருந்தது. இது அமெச்சூர் கட்டியது, சாதாரண விமானத்துக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதது என்ற எச்சரிக்கையும் உள்ளே அவர் கண்ணெதிரே இருந்தது. தெரிந்துதானே ஏறினார் என்றார்கள். வாதி அமைதியாகச் சொன்னார்: “படித்தேன். கட்டியவர் அமெச்சூர் என்று தெரியும். குழாயில் பசை இருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை.”

2012-இல் என்.டி.எஸ்.பி. இந்த ரக விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011-இல் நடந்த 224 விபத்துகளில் பாதிக்கு மேல், கட்டியவர் கையில் இல்லாமல் விலைக்கு வாங்கியவர்கள் கையில் இருந்த விமானங்கள். எனக்கு இந்த வழக்குக்குப் பிறகு அதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் கட்டிய பழைய விமானம் வாங்க நினைத்து என்னிடம் பத்திரம் எழுத வருகிறவர்களிடம், பத்திரத்துக்கு முன்னால் வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறேன். சல்லடையை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். கட்டியவர் உயிரோடு இருந்தால், நடுவில் எத்தனை பேர் கை மாறியிருந்தாலும் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இப்போது இருப்பது அவர் கட்டியதுதானா என்று படம் படமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ரக விமானத்தில் பழகிய ஆசிரியரோடு சில மணி நேரம் பறக்காமல் தனியாக எடுக்காதீர்கள். லாக் புத்தகம் மெலிசாக இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், வாங்காதீர்கள்.

கலிபோர்னியா சிவில் வழக்கில் பன்னிரண்டில் ஒன்பது பேர் ஒத்துப்போனால் போதும். ஜூரி இரண்டாம் நாள் மதியம் வந்தது. இரண்டாம் சொந்தக்காரர் 55 சதவீதம், மெக்கானிக் 30, பைலட் 15. வாதி மேல் ஒன்றுமில்லை. என் கட்சிக்காரர் கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பத்துப் பேர், ‘ஆம்’ என்று இரண்டு பேர். வெளியே வந்ததும் அந்த இருவரில் ஒருவரிடம் பேசினேன்; தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் விரும்பினால் பேசலாம். கராஜில் விமானம் செய்கிறவர் கொஞ்சமாவது கட்ட வேண்டாமா என்றார்.

அமெரிக்க முறையில் ஜெயித்தவருக்கும் வக்கீல் கட்டணம் திரும்பி வராது. கோர்ட்டுச் செலவு கொஞ்சம் வரும், அவ்வளவுதான். இன்னொரு விமானம் கட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த இன்ஜினை விற்றுத்தான் அவர் என் பில்லைக் கட்டினார்.